இறங்கிக்கொண்டே போகும் நாற்காலி

பார்லரம்மாவின் வலது முழங்கால் அந்தத் தெருவுக்கே பொதுச் சொத்து. கால் எப்படி இருக்கிறது என்று கேட்காமல் யாரும் அவள் வாசலைத் தாண்டுவதில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பவர்களும் இல்லை.

அந்தக் காலுக்குப் போன வாரம் தீர்ப்புச் சொல்லியாயிற்று. எலும்பும் எலும்பும் உரசுகிற கட்டம் வந்துவிட்டது. புது மூட்டு வைக்கலாமென்றால் அவள் இதயம் மயக்க மருந்தைத் தாங்காது. வலி மாத்திரைகளோ வயிற்றைப் புண்ணாக்கிவிட்டன. வலி டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிப் பார்த்தார், கழற்றி உறைக்குள் போட்டார், மிச்சமிருந்த ஒன்றைச் சொன்னார். முழங்காலிலிருந்து வலிச் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகிற சின்ன நரம்புகளை ஊசி முனையால் சூடு வைத்து அணைத்துவிடலாம்.

"சூடு வைக்கிறதா? நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றாள் பார்லரம்மா.

அவள் மகன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். எதையும் மோட்டாராகவோ வயராகவோ மாற்றினால்தான் அவனுக்குப் புரியும். புரிந்துவிட்டால் ஊருக்கே விளக்குவான்.

"அம்மா, மோட்டார் தேஞ்சது தேஞ்சதுதான். அதை யாரும் தொடப் போறதில்லை. அலாரம் அடிக்குது பாரு, அந்த வயரை மட்டும் கட் பண்றாங்க."

"வயரை கட் பண்ணா மோட்டார் சரியாயிடுமா?"

"ஆகாது. ஆனா சத்தம் போடாது."

"அப்ப உங்கப்பாவுக்கும் அதையே பண்ணச் சொல்லு."

அப்பா ரிட்டயரான பஸ் கண்டக்டர். இன்னமும் வீட்டில் யார் எழுந்தாலும் நகர்ந்து வழி விடச் சொல்லுவார். அவர் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். அந்த நரம்பு கொஞ்ச காலத்தில் மறுபடி முளைத்துக்கொள்ளுமாம். வலியும் கூடவே திரும்பி வருமாம்.

"வந்தா வரட்டும். இது கடைசி வண்டி. இதையும் விட்டா ஸ்டாண்டிலேயே படுக்க வேண்டியதுதான்" என்றார்.

அந்தக் கடைசி வண்டியிலும் நேராக ஏறிவிட முடியாது. முதலில் ஒரு சோதனை. அதே இடங்களில் வெறும் மரப்பு மருந்தைப் போடுவார்கள். அன்று ஒரு நாள் வலி பாதிக்குமேல் குறைந்தால், நரம்பைச் சுடுவதில் அர்த்தம் உண்டு. குறையாவிட்டால் சுடுவதற்கு எதுவும் இல்லை. "அதுக்கப்புறம் எங்ககிட்ட வேற ஒண்ணும் இல்லைம்மா" என்று டாக்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

அந்தச் சோதனை நாள் இன்று.

காலையிலிருந்தே மருமகளுக்குக் கையில் எதுவும் நிற்கவில்லை. மூடியைக் கீழே போட்டாள். கரண்டியைத் தேடினாள், அது அவள் கையிலேயே இருந்தது. கைப்பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"ஊசி போட்ட உடனே நடக்க ஆரம்பிச்சுடுவீங்களா அத்தை?"

"ஏன், நான் நடந்தா உனக்கு என்ன கஷ்டம்?"

"ஐயோ, அதுக்கில்லை. ரெஸ்ட் எடுக்கணுமோ என்னமோன்னு கேட்டேன்."

"முதல்ல கடையைப் போய்த் திற. காத்திருக்கப் போறாங்க."

கடை என்பது அவளுடைய பியூட்டி பார்லர்தான். கடைத்தெருவில் பூட்டுக் கடைக்கு மேலே, செங்குத்தான படிகளின் உச்சியில் ஒற்றை அறை. முக்கால் ஆயுசை பார்லரம்மா அங்கே நின்றபடியே கழித்திருந்தாள். கால் அங்கேதான் தேய்ந்தது. படி ஏற முடியாமல் போனதிலிருந்து மருமகள்தான் அதைப் பார்த்துக்கொள்கிறாள். சாயங்காலம் வந்து அன்றைய கதையை ஒப்பிப்பாள்: யார் வந்தார்கள், யாருக்கு முடி கொட்டுகிறது, யார் 'அம்மா எப்ப வருவாங்க' என்று கேட்டார்கள். பார்லரம்மா அதைக் கேட்டுத்தான் உயிரோடு இருந்தாள். டாக்டர் 'கால் சரியானா என்ன பண்ண ஆசை?' என்று கேட்டபோதுகூட, யோசிக்காமல் "மாடி ஏறணும்" என்றாள். டாக்டர் அதை வீட்டு மாடி என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் அவள் மூக்குக்குப் பிடிபடாமலே இருந்தது. கொஞ்ச காலமாக மருமகள்மேல் ஷாம்பு வாசனை இல்லை, கிராம்புத் தைலம் மாதிரி ஏதோ ஒன்று. கேட்டால், "புது லோஷன் அத்தை" என்பாள். சரி, காலம் மாறுகிறது, லோஷனும் மாறும்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் சட்டென்று முடிந்தது. திரையில் எலும்பு தெரிந்தது. முழங்காலைச் சுற்றி மூன்று இடங்களில் குத்தினார்கள். கண்டக்டர் வெளியே நின்று, வரிசையில் நின்றவர்களை உள்ளே தள்ளிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்குப் போய்ப் படுத்துடாதீங்க" என்றார் டாக்டர். "எதெல்லாம் பண்ணா வலிக்குமோ அதையெல்லாம் பண்ணிப் பாருங்க. நடங்க, படி ஏறுங்க. சாயங்காலத்துக்குள்ள மரப்பு விட்டுடும். நர்ஸ் போன் பண்ணி நூத்துக்கு எவ்வளவு குறைஞ்சதுன்னு கேட்பாங்க. நீங்க சொல்றதுதான் கணக்கு. எக்ஸ்ரேல அது தெரியாது, மெஷின்லயும் தெரியாது. உங்க வாய் ஒண்ணுதான் சாட்சி."

நர்ஸ் அவளைத் தாழ்வாரத்தில் நடக்கவிட்டாள். "எப்படி இருக்கும்மா?"

"காயட்டும்" என்றாள் பார்லரம்மா.

"என்னது?"

"ஈரத் தலையில சாயத்தைப் பார்த்துச் சொல்லக் கூடாது. காயட்டும், அப்புறம் சொல்றேன்."

நர்ஸ் கண்டக்டரைப் பார்த்தாள். கண்டக்டர், இதெல்லாம் தினமும் நடப்பதுதான் என்கிற மாதிரி தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். ஓடும் பஸ்ஸில் பழகிய தூக்கம், லேசில் கலையாது.

பார்லரம்மா அடுப்படிவரை போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். ஓடிக்கொண்டிருக்கிற ஃப்ரிட்ஜ் சட்டென்று நின்றால்தான், இவ்வளவு நேரம் ஒரு சத்தம் இருந்ததே தெரியும். அதுமாதிரி ஓர் அமைதி காலுக்குள். குனிந்தாள், நிமிர்ந்தாள். கட்டிலுக்கு அடியில் போன வருஷம் உருண்டுபோன ஒரு பொத்தானை எடுத்தாள். எழுந்தபோது யாரையும் கூப்பிடவில்லை, எதையும் பிடிக்கவில்லை.

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டாள். இன்னும் காயவில்லை.

படி ஏறிப் பார்க்கச் சொன்னார் அல்லவா டாக்டர்? ஏறத்தக்க படி அவளுக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அலமாரியிலிருந்து கத்தரியையும் சீப்பையும் எடுத்துத் துணியில் சுற்றிப் பையில் வைத்தாள். கைத்தடியைக் குடை மாதிரி முழங்கையில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மருமகள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்தபோதே சிரிப்பு வந்தது. முதலில் அவளைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். பாவம், அந்தப் பெண்ணுக்குப் புருவம் எடுக்கும்போது நூல் வழுக்கும்.

கடைத்தெருவில் போர்டு அப்படியேதான் இருந்தது. அதில் சிரிக்கிற பெண்ணின் முகம் வெயிலில் வெளுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். பூட்டுக் கடைக்காரர் யாருக்கோ சாவி ராவிக்கொண்டிருந்தார், தலை தூக்கவில்லை.

ஏறினாள். முதல் படியில் கால் வைக்கும்போது பழக்கத்தில் பல்லைக் கடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஓரம் உடைந்த படி வந்தது. சுவரில் எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கறுத்த இடம் வந்தது, அவள் கைதான் அது. மூச்சு வாங்கியது. கால் மட்டும் வாயே திறக்கவில்லை.

கதவு திறந்திருந்தது.

உள்ளே அட்டைப் பெட்டிகள். தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள். சுவரில் அவள் மாட்டிய பெரிய கண்ணாடி அங்கேயே இருந்ததால் பெட்டிகள் இன்னொரு மடங்காகத் தெரிந்தன. நடுவில் அவளுடைய ஏற்றி இறக்கும் நாற்காலி. அதில் தொப்பையும் தொங்கு மீசையுமாக ஒருவர் உட்கார்ந்து பார்சலுக்குப் பழுப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். ஒட்ட ஒட்ட, நாற்காலி அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தது.

"அனுப்பணுமா, வாங்கிட்டுப் போகணுமா மேடம்?"

அவள் கண்ணாடியைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள்.

"இங்க... பார்லர்..."

"அது மூடியாச்சு மேடம். நாலஞ்சு மாசம் ஆயிடுச்சு. போர்டைக் கழட்ட ஏணி கொண்டுவரேன்னாங்க, இன்னும் வந்துட்டிருக்கு."

"யாரு மூடினாங்க?"

"ஒரு பொண்ணு நடத்திட்டிருந்துச்சாம். ஆள் வரலை போல. இப்ப ஒரு பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்கிற வேலைக்குப் போகுதுன்னு ஓனர் சொன்னாரு. இந்த சேரை இறக்கிட்டுப் போக முடியலைன்னு எனக்கே விட்டுடுச்சு." அவர் தாடை இப்போது மேஜை மட்டத்துக்கு வந்திருந்தது. "சேரா இது? உட்கார்ந்தா இறங்கிக்கிட்டே போகுது. மத்தியானத்துக்குள்ள நான் தரைக்கு வந்துடறேன்."

பல் டாக்டர். கிராம்புத் தைலம்.

"யாராவது வந்து கேட்பாங்களா? பழைய ஆளுங்க?"

"எதைக் கேட்கணும்?"

"இங்க இருந்த... பார்லரம்மாவை."

அவர் நல்ல மனுஷர், உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். "அப்படி யாரும் கேட்ட மாதிரி ஞாபகம் இல்லை மேடம். முதல்ல ஒருத்தர் ரெண்டு பேர் எட்டிப் பார்த்தாங்க. எதிர்லதான் ஏசி போட்டுப் பெருசா ஒண்ணு திறந்துட்டாங்களே."

கண்ணாடியில் பெட்டிகளுக்கு நடுவே ஒருத்தி நின்றிருந்தாள். இரண்டு காலிலும் சமமாக, நிமிர்ந்து. அப்படித் தன்னை அவள் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

"எழுந்திருங்க" என்றாள்.

அவர் எழுந்தார். அவள் நாற்காலிக்குப் பின்னால் போய், தரையோடு கிடந்த டேப் துண்டுகளை ஒதுக்கிவிட்டு, வலது காலைப் பெடலுக்கு அடியில் கொடுத்து மேல்நோக்கி ஒரு தட்டுத் தட்டினாள். கிளிக் என்றது. பிறகு காலால் மிதித்து மிதித்து நாற்காலியை உயர்த்தினாள். முழங்கால் எண்ணெய் போட்ட கீல் மாதிரி மடங்கி நிமிர்ந்தது.

"பெடல் பாதியில சிக்கிக்கும். இறங்கினா இப்படி ஒரு தட்டு தட்டுங்க. இனிமே இறங்காது."

அவர் உட்கார்ந்து பார்த்தார், ஆடிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அட! நீங்க சேர் ரிப்பேர் பண்றவங்களா மேடம்?"

"ஆமா" என்றாள் பார்லரம்மா.

ஏறும்போது வலிக்கவில்லை. இறங்கும்போதும் வலிக்கவில்லை. எங்கேயாவது கொஞ்சம் வலித்திருந்தால் தெருவில் நின்று அழுவதற்கு ஒரு சாக்காவது கிடைத்திருக்கும்.

அவள் திரும்பி வந்தபோது கண்டக்டர் அதே நாற்காலியில் அதே நிமிர்வில் தூங்கிக்கொண்டிருந்தார். இவருக்குத் தெரியும். மகனுக்குத் தெரியும். காலை விசாரித்துவிட்டு நிற்காமல் போகிற தெருவுக்கும் தெரிந்திருக்கும். ஏன் நிற்பதில்லை என்பது இப்போது புரிந்தது. மாடி ஏற மாட்டாள் என்கிற ஒரே நம்பிக்கையில் எல்லாரும் சேர்ந்து கட்டிய பொய். அவளுக்குக் கால் வர வேண்டும் என்று ஊசி போட அழைத்துப் போனவர்களும் அதே ஆட்கள்தான். கால் வந்தால் அது எங்கே போகும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெயில் தாழ்ந்தபோது வலி திரும்பியது. முதலில் உள்பக்கம் ஒரு குத்தல், பிறகு அடியில் அரைப்பு, பிறகு பழையபடி முழுக்க. அவள் காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்து, அதற்கு இடம் விட்டுக் கொடுத்தாள்.

முதலில் மகன் வந்தான், கையில் ஸ்பானரோடு. "அம்மா, வயர் கட் ஆச்சா?"

"இரு. நர்ஸ் கேட்கும்போது சொல்றேன்."

அப்புறம் மருமகள். செருப்பை விடுவதற்குள்ளேயே அவள் கண் முழங்காலுக்குப் போனது, அங்கிருந்து மூலையில் சாத்தியிருந்த கைத்தடிக்குப் போனது. ஐஸ் கட்டியைத் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு வந்து கட்டிலடியில் மண்டியிட்டாள்.

"இன்னைக்கு அந்தச் சுருட்டை முடி டீச்சர் வந்தாங்க அத்தை. 'அம்மா கை பட்டாத்தான் என் தலை அடங்கும், எப்ப வருவாங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க."

நேற்றுவரை இதற்கு அவள் முகம் மலரும். இன்று பார்லரம்மா அந்தக் குனிந்த தலையைப் பார்த்தாள். பல்வலிக்காரர்களுக்கு டோக்கன் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் நின்றுகொண்டே இந்தப் பெண் தினமும் யாருக்காவது ஒரு தலையைத் தயார் பண்ணிக்கொண்டு வருகிறாள். ஒருத்திக்குச் சுருட்டை, ஒருத்திக்கு நரை, ஒருத்திக்குப் பொடுகு. ஒரு நாள்கூடத் தலை மாறிப்போனதில்லை. நூல் பிடிக்கத் தெரியாத கை. ஆனால் இதில் வழுக்கவேயில்லை.

"எந்தச் சேர்ல உட்கார வச்சே?"

"நம்ம பெரிய சேர்லதான் அத்தை."

"அது இறங்கிக்கிட்டே போகுமே?"

மருமகள் துணி முடிச்சை அவிழ்த்துக் கட்டினாள். "இல்லை... இப்ப சரியாயிடுச்சு."

"ஆமா" என்றாள் பார்லரம்மா. "சரியாயிடுச்சு."

போன் அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தது மருமகளின் நம்பர். அவள் போனில் காதுப்பக்கம் பழுதாகி வெகு நாளாயிற்று. எந்த அழைப்பு வந்தாலும் ஸ்பீக்கரில்தான் கத்தும். அந்த வீட்டுச் செய்தி தெருவுக்குப் போவதற்கு மூன்றாம் ஆள் தேவைப்படாததன் ரகசியம் அதுதான்.

"வணக்கம்மா, வலி கிளினிக்ல இருந்து பேசறேன். காஞ்சுதா?" நர்ஸ் சிரித்தாள். "சொல்லுங்க, நூத்துக்கு எவ்வளவு குறைஞ்சுது?"

மகன் ஸ்பானரைக் கீழே வைத்தான். கண்டக்டர் எழுந்தே நின்றுவிட்டார். மருமகள் போனை நீட்டிப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. எது எதைத் தின்கிறது என்று பார்லரம்மாவால் சொல்ல முடியவில்லை.

குறைந்தது என்று சொல்லலாம். அடுத்த வாரம் நரம்பைச் சுடுவார்கள். கால் நடக்கும். அப்போது இந்தப் பெண் வாயைத் திறந்து அதைச் சொல்லியாக வேண்டும், எல்லாருக்கும் முன்னால். சொன்ன பிறகு சாயங்காலத்தில் கதை இருக்காது. சுருட்டை முடி டீச்சர் வர மாட்டாள். நல்ல காலை வைத்துக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருக்க வேண்டியதுதான், நரம்பு மறுபடி முளைக்கும்வரை.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"ஒண்ணும் குறையலை" என்றாள் பார்லரம்மா.

"கொஞ்சம்கூடவா? ஊசி போட்ட உடனே நல்லாத்தானே நடந்தீங்க?"

"அப்ப மரத்திருந்துச்சு. வீட்டுக்கு வந்ததும் அதே வலிதான். எழுந்திருக்கவே முடியலை."

மறுமுனையில் ஒரு மூச்சு. "சரிம்மா. டாக்டர் நாளைக்குக் காலைல பார்த்துட்டு லிஸ்ட்ல இருந்து உங்க பேரை எடுத்துடுவாரு. அதுக்குள்ள வேற ஏதாவது சொல்லணும்னா இதே நம்பருக்குக் கூப்பிடுங்க, நான் இருப்பேன்."

மகன் ஸ்பானரை எடுத்தான், பார்த்தான், மறுபடி வைத்தான். வயர், மோட்டார் எதுவும் அவன் வாயில் வரவில்லை. கண்டக்டர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யாருக்கும் இல்லாமல், "ரைட்" என்றார். வண்டி போன பிறகு சொல்கிற ரைட்.

மருமகள் அழுகையை மறைக்கக் குனிந்து, ஐஸைச் சரியாக வைப்பதற்காகப் புடவை ஓரத்தை ஒதுக்கினாள். ஒதுக்கிய கை அப்படியே நின்றது.

ஓரத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. உரித்தாள். விரல் நீளத்துக்குப் பழுப்பு டேப், அதன்மேல் சிவப்பில் கூரியர் கம்பெனி பெயர். கடைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க அவள் போன அன்று, இதே டேப் உருளைகளை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவள் நிமிர்ந்தாள். பார்லரம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை... நீங்க இன்னைக்கு..."

"ஐஸ் உருகுது பாரு. வை."

"அவ்வளவு படியும் ஏறி..."

"வைன்னு சொன்னேன்ல."

வைத்தாள். தண்ணீர் முழங்காலிலிருந்து வழிந்து பாயில் சொட்டியது. மகன் என்ன என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

மருமகள் டேப்பை உள்ளங்கையில் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். பாத்திரம் கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே பின்பக்கம் போனாள். போனையும் கையோடு எடுத்துப் போனாள்.

பார்லரம்மா காது கொடுத்தாள். பாத்திரம் உருளும் சத்தம் வரவில்லை. குழாய்ச் சத்தமும் இல்லை. எழுந்து போய்த் தடுக்கலாமென்றால் கால் மடங்க மறுத்தது. கைத்தடி எட்டாத மூலையில் இருந்தது.

பின்கட்டு இருட்டிலிருந்து அந்தப் பழுதான போன் பெரிதாகக் கேட்டது:

"வலி கிளினிக், சொல்லுங்க."

"ஹலோ? யாரு பேசறீங்க? ஏதாவது சொல்லணுமா?"

மருமகள் மூச்சு விடுவது மட்டும் இங்கேவரை கேட்டது.